ஒரு நாள் வித்தியாசம்: கணினிப் படிவம் உம்மாவின் பிறந்த நாளை ஏன் ஏற்கவில்லை?

தோப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கொமினிகேஷன் ஒன்றில் கடந்த வருடம் உம்மாவுடன் முக்கால் மணிநேரம் இருக்க நேர்ந்தது. ஒரு கொடுப்பனவுக்காக இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி என்று நான்கைந்து கட்டங்கள்தான். கடைத்தம்பி எல்லாவற்றையும் சரியாகவே அடித்தார். ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தியதும் சிவப்பு நிறத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்தவில்லை என்பது அதன் பொருள்.

உம்மா பிறந்தது 1961 ஒக்டோபர் 12. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அதே திகதிதான் இருக்கிறது. மூன்று தடவை அடித்தும் அதே பதில் வந்தது. அப்போது கடைத்தம்பி, ஏற்கெனவே பழகிப்போன ஒருவரைப் போல, “உம்மா, 13 எண்டு போட்டா எடுக்குது. இஞ்ச வாற கனபேருக்கு அப்படித்தான் போடுறன்” என்றார். 13 என்று போட்டுக் காட்டினார். சிவப்பு வரி மறைந்துவிட்டது.

உம்மா சம்மதிக்கவில்லை. “என்ட பொறந்த நாள நான் ஏன் மாத்தணும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. பிறகு, கொழும்பில் மென்பொருள் எழுதும் சாச்சாவின் மகனிடம் கேட்டேன், வாசித்தேன், இலக்கங்களைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சிவப்பு வரியின் பின்னால் இருப்பது ‘தனிப்பயன் தரவுச் சரிபார்ப்பு அட்ரிபியூட்’ என்று மென்பொருளாளர்கள் சொல்லும் ஒரு சின்னத் துண்டு நிரல். அது எப்படி இயங்குகிறது, எங்கே பிழைக்கிறது, நம்மைப் போன்றவர்களை ஏன் அடிக்கடி வெளியே நிறுத்துகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடையாள அட்டை இலக்கத்துக்குள் என்ன இருக்கிறது?

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது நமது தேசிய அடையாள அட்டை. பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். பெண்ணாக இருந்தால் அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். அதன்பின் தொடரிலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் வரும்.

2016 முதல் 12 இலக்கப் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் 16 வயதை எட்டிய ஆண்டு அது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் எந்த நூற்றாண்டு என்பது தெளிவில்லாமல் போயிருக்கும். புதிய முறையில் ஆண்டு நான்கு இலக்கம், நாள் மூன்று, தொடர் நான்கு, சரிபார்ப்பு ஒன்று. எழுத்து கிடையாது. பழைய இலக்கத்தைப் புதிய வடிவில் எழுத வேண்டுமானால் முன்னால் 19 சேர்க்க வேண்டும், நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேர்க்க வேண்டும், எழுத்தை விட வேண்டும்.

இனி உம்மாவின் கணக்கைப் பார்க்கலாம். 1961 சாதாரண ஆண்டு, பெப்ரவரிக்கு 28 நாட்கள். ஜனவரி முதல் செப்டெம்பர் முடிய 273 நாட்கள், அதோடு 12 சேர்த்தால் 285. பெண் என்பதால் 500 கூட்டினால் 785. ஆனால் உம்மாவின் அடையாள அட்டை இலக்கம் 61786 என்றுதான் தொடங்குகிறது. ஒன்று கூடுதலாக இருக்கிறது.

அட்டையில் பிழையில்லை. நமது அடையாள அட்டை இலக்கத்தில் எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்று வைத்தே நாள் எண்ணப்படுகிறது. எல்லா ஆண்டும் 366 நாள் ஆண்டுதான். ஆகவே மார்ச் 1 என்பது எப்போதும் 61ஆவது நாள், டிசம்பர் 31 எப்போதும் 366ஆவது நாள்.

கணினி மொழிகளில் ‘இது ஆண்டின் எத்தனையாவது நாள்’ என்று கேட்க ஆயத்தமான கட்டளை உண்டு. அது உண்மையான நாட்காட்டிப்படி 285 என்று சொல்லும். அதையே எடுத்து ஒப்பிட்டால், லீப் ஆண்டல்லாத ஒரு வருடத்தில் மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்த எவருக்கும் பொருத்தம் வராது. 365இல் 306 நாட்கள் அந்தப் பகுதிக்குள் வருகின்றன. ஜனவரியிலோ பெப்ரவரியிலோ பிறந்தவர்களும், லீப் ஆண்டில் பிறந்தவர்களும் தடையின்றிப் போய்விடுவார்கள்.

“இவ்வளவு பேருக்குப் பிழைக்கிறத எப்படிக் கவனிக்காம விட்டாங்க?” என்று சாச்சாவின் மகனிடம் கேட்டேன். “எழுதினவர் 1996ல பொறந்திருப்பார் நாநா. தன்ட இலக்கத்தப் போட்டுப் பார்த்திருப்பார், வேலை செஞ்சிருக்கும்” என்றார். 1996 லீப் ஆண்டு. அது அவருடைய ஊகம்தான். ஆனால் அதற்குப் பிறகும் பிழை வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் ஊகமல்ல, நான் கண்ணால் கண்டது. கடைகளில் ஒரு நாளைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முறைப்பாடு போகவில்லை. பிழையான பிறந்த திகதிகள் மட்டும் போய்ச் சேர்ந்தன.

அட்ரிபியூட் என்றால் என்ன?

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு விண்ணப்பதாரரைக் கணினி ஓர் அச்சாக வைத்திருக்கும். அதைக் ‘கிளாஸ்’ என்பார்கள். அந்த அச்சில் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொருவர் விண்ணப்பிக்கும்போதும் அந்த அச்சிலிருந்து ஒரு பிரதி உருவாகும்.

அட்ரிபியூட் என்பது அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டப்படும் ஒரு குறிப்புச் சீட்டு. தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

[கட்டாயம்]
[தேசிய_அடையாள_இலக்கம்]
அடையாள_இலக்கம்

முதலிரண்டு வரிகளும் சீட்டுகள், மூன்றாவது கட்டம். இது வெறும் உதாரணமல்ல. சி ஷார்ப் மொழி யூனிகோட் எழுத்துகளில் பெயரிடுவதை அனுமதிக்கிறது. ஆகவே ஒரு கிளாஸுக்கோ அட்ரிபியூட்டுக்கோ தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

மைக்ரோசொப்டின் டொட் நெட் தளத்தில் இதற்கான ஆயத்தமான சீட்டுத் தொகுதி 2008இல் வந்தது. கட்டாயமாக நிரப்ப வேண்டும், இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும், இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும், இந்த வடிவில் இருக்க வேண்டும் போன்ற பொதுவிதிகள் அதில் உண்டு. ஜாவா உலகில் இதே வேலைக்கான ‘பீன் வலிடேஷன்’ தரம் 2009இல் வெளியானது. அங்கே சீட்டுக்கு ‘அனோட்டேஷன்’ என்று பெயர்.

இலங்கை அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி அந்தப் பொதுவிதிகளுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் தனிப்பயன் அட்ரிபியூட் தேவைப்படுகிறது. ‘வலிடேஷன் அட்ரிபியூட்’ என்ற தாய்க் கிளாஸிலிருந்து மரபுரிமையாக ஒரு புதிய கிளாஸை எழுதுவார்கள். தாயிடம் இருக்கும் ‘இது செல்லுமா?’ என்ற செயற்பாட்டைத் தங்கள் விதியால் மாற்றி எழுதுவார்கள். பெறுமதி உள்ளே போகும், ‘சரி’ என்றோ ஒரு பிழைச் செய்தியோ வெளியே வரும். அவ்வளவுதான்.

இதன் பயன் பெரியது. விதியை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, பத்துப் படிவங்களில் பத்துக் கட்டங்களின் மேல் ஒட்டலாம். விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஆனால் பிழையும் அதே வழியில்தான் பரவுகிறது. ஒரு நாளைத் தவறாக எண்ணும் சீட்டு பத்துப் படிவங்களில் ஒட்டப்பட்டால் பத்திலும் உம்மா நிறுத்தப்படுவார்.

சரியான விதி எப்படி இருக்க வேண்டும்?

அடையாள அட்டை இலக்கத்துக்கான சீட்டு குறைந்தது இவற்றைச் செய்ய வேண்டும்.

முதலில், கட்டம் வெறுமையாக இருந்தால் ‘சரி’ என்று விட்டுவிட வேண்டும். நிரப்பியே ஆகவேண்டுமா என்பதைச் சொல்வது ‘கட்டாயம்’ என்ற மற்றச் சீட்டின் வேலை. இரண்டையும் கலந்தால், அட்டை இன்னும் கிடைக்காத பிள்ளைக்கான படிவத்தில் இதே சீட்டைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

இரண்டாவதாக, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்க வேண்டும். பெரிய எழுத்து ‘வி’, சிறிய எழுத்து ‘வி’ இரண்டையும் ஏற்க வேண்டும். ‘எக்ஸ்’ எழுத்தையும் ஏற்க வேண்டும். ‘வி’ பொதுவாக வாக்களிக்கத் தகுதியுள்ளவரையும் ‘எக்ஸ்’ அந்தத் தகுதி இல்லாதவரையும் குறிக்க வைக்கப்பட்டவை. ‘வி’யை மட்டும் ஏற்கும் படிவம், சட்டப்படி அடையாள அட்டை வைத்திருக்கும் ஒருவரை இல்லாதவராக்கிவிடுகிறது.

மூன்றாவதாக, பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் ஏற்க வேண்டும். இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்துத் தொடராகச் சேமிக்க வேண்டும். நிரலாளர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும் 32 பிட் முழுவெண் 214 கோடியே 74 இலட்சத்துச் சொச்சத்துடன் நின்றுவிடும். அதில் 12 இலக்கம் அடங்காது.

நான்காவதாக, நாள் எண் 1 முதல் 366 வரை, அல்லது 501 முதல் 866 வரை மட்டுமே இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பிறந்த திகதியோடு ஒப்பிடும்போது எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள் என்று எண்ண வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்துக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். அதற்காகவே டொட் நெட்டில் ‘வலிடேஷன் கொன்டெக்ஸ்ட்’ என்ற பொருள் செயற்பாட்டுக்குள் அனுப்பப்படுகிறது. அதன் வழியாக முழு விண்ணப்பத்தையும் எட்டிப் பார்க்கலாம்.

இன்னொன்று. சீட்டு தானாக எதையும் சோதிப்பதில்லை. அதை வாசித்து இயக்கும் தளம் ஒன்று வேண்டும். இணையப் படிவத்தில் அது நடக்கும். ஆனால் கடதாசி விண்ணப்பங்களை எக்செல் கோப்பில் அடித்து நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் ஏற்றினால் எந்தச் சீட்டும் வாசிக்கப்படாது. ஒரே ஆள், ஒரே தகவல். இணையத்தில் மறுக்கப்பட்டது அலுவலகத்தில் ஏற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘தோப்பூர்’ என்று எழுதிப் பாருங்கள்

அடுத்த சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்’ என்பது சாதாரணமாக எழுதப்படும் விதி. ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் விதியைவிட நல்லது என்று எண்ணி, சில மென்பொருளாளர்கள் யூனிகோட்டில் ‘எழுத்து’ என்று வகைப்படுத்தப்பட்ட எதையும் ஏற்கிறார்கள். எல்லா மொழிக்கும் இடம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நமது ஊர்ப் பெயரை வைத்துச் சோதித்தேன். நாம் எண்ணினால் ‘தோப்பூர்’ நான்கு எழுத்து: தோ, ப், பூ, ர். கணினி எண்ணினால் எட்டுக் குறிகள்: த, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி. இந்த எட்டில் நான்கு மட்டுமே யூனிகோட்டில் ‘எழுத்து’. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகைக்குள் வருகின்றன. ஆகவே ‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதி தோப்பூரை மறுத்துவிடும். ஒரு குறியோ புள்ளியோ உள்ள எந்தத் தமிழ்ப் பெயரையும் அது மறுக்கும். ‘குறி’ வகையையும் விதியில் சேர்த்தால் பிரச்சினை தீரும்.

நீளத்திலும் இதே கதைதான். பெயருக்கு 20 எழுத்து இடம் என்று ஒரு படிவம் சொன்னால், தமிழில் அதில் ஏறக்குறையப் பாதிதான் அடங்கும். டொட் நெட்டின் நீளச் சீட்டு ‘தோப்பூர்’ என்பதை எட்டாகவே எண்ணும். சில விசைப்பலகைகள் ஓகாரக் குறியை முன்குறி, பின்குறி என்று இரண்டாகப் பிரித்து அடிக்கக்கூடும். அப்போது அதே சொல் ஒன்பதாகிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கணினிக்கு வேறுவேறு ஆகிவிடும். சோதிப்பதற்கு முன்பு பெயரை யூனிகோட்டின் ஒரே சீர்வடிவுக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான் அவசியம்.

தமிழில் பெயரிட்ட அட்ரிபியூட்டைச் சி ஷார்ப் ஏற்றுக்கொள்ளும். அதே அட்ரிபியூட்டுக்குள் எழுதப்படும் விதி தமிழில் எழுதிய ஆளை மறுக்கும். தடை மொழியின் தொழில்நுட்பத்தில் இல்லை.

குடும்பப் பெயர் எங்கே?

கிழக்கு முஸ்லிம்களிலும் தமிழர்களிலும் மிகப் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னெழுத்தாக வரும், பிறகு சொந்தப் பெயர் வரும். ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட படிவத்தில் ஒருவர் வாப்பாவின் பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைப்பார். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளின் ‘குடும்பப் பெயர்’ மூன்று விதமாகப் பதிவாகும். முன்னெழுத்துக்குப் பின்னால் வரும் புள்ளியைக்கூடச் சில படிவங்கள் ஏற்பதில்லை. பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் தவறான எண்ணங்களைப் பாட்ரிக் மெக்கென்சி என்ற மென்பொருளாளர் 2010இல் பட்டியலிட்டார். எல்லோருக்கும் கடைசிப் பெயரோ குடும்பப் பெயரோ இருக்கும் என்பது அதில் ஒன்று.

நமது பகுதியில் இதற்கு வேறொரு பாரமும் உண்டு. 2006 ஓகஸ்டில் மூதூர்ப் பகுதிச் சண்டையின்போது மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அப்படி இடம்பெயரும்போது ஆவணங்கள் தொலைகின்றன, பிறகு புதிதாக எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஆங்கிலத்தில் பெயர் வேறு உத்தியோகத்தரின் கையால் எழுதப்படுகிறது. முஹம்மது என்ற பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இரண்டு ஆவணங்களும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்று ஒரு விதி எழுதினால், அது மோசடிக்காரரைப் பிடிப்பதற்கு முன்பு இடம்பெயர்ந்தவரைத்தான் பிடிக்கும்.

தடுப்பதா, எச்சரிப்பதா?

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூ.ஆர். முறை வந்தபோது அடையாள அட்டை, வாகனம், செசி ஆகியவற்றின் இலக்கங்களைக் கொடுத்துத்தான் பதிந்தோம். ஒரே வாகனத்தை இரண்டு பேர் பதியாமல் தடுக்க அங்கே சரிபார்ப்பு வேண்டும். ஓர் இலக்கம் குறைவாக அடித்தால் உடனே சொல்வது விண்ணப்பதாரருக்கும் நல்லது.

ஆனால் இரண்டு வகை விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தில் 11 இலக்கம் இருந்தால் அது நிச்சயம் பிழை, தடுக்கலாம். பெயர் விசித்திரமாகத் தெரிகிறது, திகதி ஒரு நாள் வித்தியாசப்படுகிறது என்பவை சந்தேகங்கள் மட்டுமே. அங்கே எச்சரித்துவிட்டு விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகு ஒரு மனிதர் பார்க்கலாம். கதவை மூடும் அதிகாரத்தைச் சந்தேகத்துக்குக் கொடுத்தால், மக்கள் பொய்யான ஒரு தகவலைக் கொடுத்து உள்ளே போகப் பழகிக்கொள்வார்கள்.

செய்தியின் மொழியும் முக்கியம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. படிவத்தின் தலைப்பைத் தமிழாக்கிவிட்டுப் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் விடுவது வழக்கமாகிவிட்டது. இதற்குத் தொழில்நுட்பச் சாக்கு இல்லை. அட்ரிபியூட்டில் செய்தியை நேரடியாக எழுதாமல் மொழிக் கோப்பு ஒன்றிலிருந்து எடுக்கும்படி செய்ய டொட் நெட்டிலும் ஜாவாவிலும் ஏற்பாடு உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று கோப்புகள் போதும். ‘தகவல் தவறானது’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கட்டம், என்ன எதிர்பார்க்கப்படுகிறது, பொருந்தாவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதையும் செய்தி சொல்ல வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு சரியாக இருப்பதை உறுதிசெய்யும் கடமையை அதைக் கையாள்பவர் மீது வைக்கிறது. தன்னைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையையும் தருகிறது. ஒரு நிறுவனத்தின் சொந்த விதியே மக்களைப் பிழையான திகதி போடவைக்கும்போது, அந்தக் கடமை எங்கே தவறுகிறது என்பதைத் தேடத் தூரம் போகவேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

படிவங்களைத் தயாரிக்கச் சொல்லும் அலுவலகங்கள், ஒப்படைப்பைப் பெறுமுன் ஒரு சிறு சோதனைப் பட்டியலைக் கொடுக்கலாம். லீப் ஆண்டல்லாத ஆண்டில் மார்ச்சுக்குப் பின் பிறந்த ஒரு பெண், ‘எக்ஸ்’ இலக்கமுள்ள ஒருவர், 2000க்குப் பின் பிறந்த ஒருவர், ஒரே சொல்லில் பெயருள்ளவர், முன்னெழுத்தும் புள்ளியும் உள்ளவர், தமிழில் எழுதிய ‘தோப்பூர்’. இந்த ஆறும் உள்ளே போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்கு ஒரு நாள் வேலை போதும். கிழக்கிலிருந்து தொழில்நுட்பக் கல்வி முடித்து வெளியே வரும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கத் தகுதியானவர்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. சிவப்பு வரியை ஒழிப்பதற்காகப் பிறந்த திகதியையோ பெயரையோ மாற்றிப் போடாதீர்கள். இன்று ஏற்கும் அந்தப் படிவமே நாளை பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடப்படும்போது உங்களுக்கு எதிரான ஆவணமாகும். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அறிவியுங்கள். கொமினிகேஷன் வைத்திருப்பவர்களும் கூட்டிப் போட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, யார் யாருக்குப் பொருந்தவில்லை என்று ஒரு கொப்பியில் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் மட்டும் குறித்து வைத்தால், பிழை எங்கே என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

நாங்களும் எழுத்தில்தான் அறிவித்தோம். 61786 என்ற கணக்கை ஒரு தாளில் விரித்து எழுதி, திரைப்படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு அதே கடையில் அதே கட்டத்தில் 12 என்று அடித்தபோது படிவம் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே 13, 14 என்று ஒரு நாள் கூட்டிப் பதியப்பட்டவர்களின் திகதிகளை யாராவது திருத்தினார்களா என்று கடைத்தம்பியிடம் கேட்டேன். “அவங்களுக்கே தெரியாதே நாநா” என்றார்.